ஒரகடத்து டட்சனின் வரவு செலவு

டட்சன் என்ற பெயருக்குள்ளேயே பணம் போட்டவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 1914-இல் டோக்கியோவில் மசுஜிரோ ஹஷிமோட்டோ என்ற பொறியாளர் சொந்தமாக ஒரு கார் செய்து முடித்தார். அவருடைய பட்டறைக்கு முதல் கொடுத்துத் தாங்கியவர்கள் மூன்று பேர்: டென், அவோயாமா, டகேயுச்சி. மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து வண்டிக்கு 'டாட்' என்று பெயர் வைத்தார். குலதெய்வத்தின் பெயரை முன்கண்ணாடியில் எழுதிக்கொள்கிற நம் ஊரில் இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியின் ஸ்டிக்கரைப் பின்கண்ணாடியில் சுமந்து திரியும் வண்டிகள் நம்மிடமும் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் டாட்டுக்கு ஒரு சின்ன வாரிசு பிறந்தது, அதுதான் டட்சன். சில ஆண்டுகளிலேயே அது நிஸ்ஸான் நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது.

அந்தப் பெயர் பாதி உலகத்தைச் சுற்றி, பின்லாந்தின் கிராமத்துக் கொட்டகைகளில் துருப்பிடித்து, ஒரு கணினி விளையாட்டுக்குள் மாற்றுப் பெயரில் நுழைந்து, கடைசியில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் மூச்சை விட்டது. கார் பந்தய விளையாட்டுகளில் செலவுக் கணக்கு ஏன் இவ்வளவு பொய்யாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இந்த ஒரு காரின் பின்னால் போவதே நல்ல வழியாகப் பட்டது. ஏனென்றால் விளையாட்டு உலகில் மெய்க்கணக்குக்கு மிக அருகில் வந்த காரும் டட்சன்தான். எந்த விளையாட்டும் நினைத்துப் பார்க்காத செலவை நம் ஊர்க்காரர்கள் தலையில் வைத்த காரும் டட்சன்தான்.

1970-இல் நிஸ்ஸான் செர்ரி வந்தது. நிஸ்ஸானின் முதல் முன்சக்கர இயக்கக் கார். வெளிநாடுகளில் அதன் பெயர் டட்சன் 100ஏ. எஞ்சின் 988 சிசி, விலை குறைவு, குளிரில் முரண்டு பிடிக்காமல் கிளம்பும் என்ற நல்ல பெயர். அதே காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ரேலியை டட்சனின் பெரிய அண்ணன்கள் 1970-லும் 1971-லும் அடுத்தடுத்து வென்றார்கள். புழுதியில் ஜெயித்தது வேறு கார், வீட்டு வாசலுக்கு வந்தது வேறு கார். கார் விற்பனை என்பது எப்போதும் இப்படித்தான். பின்லாந்தில் 100ஏ அந்தப் பத்தாண்டில் அதிகம் விற்ற கார்களில் ஒன்றானது. உப்பு தூவிய பனிச்சாலைகள் அடிப்பாகத்தைத் தின்றன. 90-கள் வந்தபோது அது பல வீடுகளில் அப்பா ஓட்டிக் கழித்து, கொட்டகையில் பாகம் பாகமாகக் கிடக்கும் கார்.

ஜொஹானெஸ் ரொயோலா என்ற பின்லாந்துக்காரர் அந்தக் கொட்டகையைத்தான் விளையாட்டாக்கினார். 'மை சம்மர் கார்' 2016 அக்டோபர் 24-இல் அரைகுறையான முதல் வடிவத்தில் விற்பனைக்கு வந்தது. முழு வடிவம் ஆக 2025 ஜனவரி வரை இழுத்தது. கதை நடப்பது 1995 கோடையில். பெற்றோர் ஸ்பெயினின் தெனரீஃப் தீவுக்கு உல்லாசப் பயணம் போய்விட்டார்கள். வீட்டில் பையன் தனியாக. கொட்டகையில் 'சட்சுமா' என்ற கார் நட்டு போல்ட்டாகப் பிரிந்து கிடக்கிறது. பெயர் கற்பனை, உடம்பு 100ஏ.

அதில் ஒரு போல்ட்டைப் பூட்டுவதைப் பாருங்கள். முதலில் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து சரியான அளவை எடுக்க வேண்டும். பத்துக்குப் பதில் பதினொன்றை எடுத்தால் போல்ட் திரும்பாது. சரியான ஸ்பேனரை வைத்து மௌஸ் சக்கரத்தை உருட்ட உருட்ட ஒவ்வொரு பல்லாக இறுகும். முழுதாக இறுக்காமல் விட்டால் விளையாட்டு எதுவும் சொல்லாது. நீங்கள் எஞ்சினைக் கிளப்பி, மண்சாலையில் ஏறி, பத்து நிமிடம் சந்தோஷமாகப் போன பிறகு அது கழன்று விழும். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கிளட்ச் ஆயில் எல்லாம் தனித்தனியாக வாங்கி ஊற்ற வேண்டும். கடை ஊரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். பணம் வேண்டுமென்றால் ஊரார் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியை லாரி வைத்து உறிஞ்சி எடுக்கலாம், விறகு பிளந்து கொண்டுபோய்ப் போடலாம். வீட்டுக்குக் கரண்ட் பில் வரும், போன் பில் வரும். கட்டாவிட்டால் இணைப்பு போகும். காரை அரசாங்கச் சோதனைக்குக் கொண்டுபோய்த் தேறினால்தான் நம்பர் பிளேட். தேறாத வண்டியோடு போலீஸிடம் மாட்டினால் அபராதம். அமைப்பில் அனுமதித்திருந்தால், விபத்தில் செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து ஆரம்பம்.

விளையாட்டு என்றுதான் இதற்குப் பெயர். ஆனால் கார் வைத்திருக்கும் எவரும் இதைப் பார்த்தால் சிரிக்க மாட்டார். ஆமாம் என்று தலையாட்டுவார்.

நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டது இதிலிருந்து அல்ல. 2000-களின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்திலும் மற்ற ஊர்களிலும் நெட் சென்டர்கள் முளைத்தபோது, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடியது 'ரோடு ராஷ்', 'நீட் ஃபார் ஸ்பீடு'. சென்னை பர்மா பஜாரிலிருந்து வந்த சிடி அது. அந்தத் திரையில் லம்போர்கினி சுவரில் மோதி நெருப்புப் பொறி பறந்து, அடுத்த நொடி ஒரு கீறல் இல்லாமல் ஓடும். வெளியில் நெட் சென்டர்காரருக்குத் தர வேண்டிய பணம்தான் அந்த ஆட்டத்தில் இருந்த ஒரே மெய்யான வாகனச் செலவு.

எல்லா விளையாட்டும் அப்படியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1989-இல் வந்த 'ஸ்ட்ரீட் ராட்', செய்தித்தாளின் வரி விளம்பரத்தைப் பார்த்துப் பழைய கார் வாங்க வைத்தது. 1997-இல் ஜப்பானில் வெளியான 'கிரான் டூரிஸ்மோ' கையில் 10,000 கிரெடிட்டைக் கொடுத்து, போய் செகண்ட் ஹேண்ட் கடையில் தேடு என்று அனுப்பியது. பெரும்பாலானவர்கள் அந்தத் தொடரில் முதலில் ஓட்டியது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, யாரோ ஓட்டிக் களைத்த குடும்பக் கார். 2000-இல் வந்த 'போர்ஷ அன்லீஷ்ட்' அடிபட்டால் பழுதுக்குக் காசு கேட்டது. 'கிரான் டூரிஸ்மோ 4' ஆயில் மாற்றாமல் ஓட்டினால் குதிரைத்திறனைக் குறைத்தது. இதெல்லாம் நல்ல ஆரம்பம். ஆனால் அந்த ஆயில் செலவு ஒரே பந்தயத்தின் பரிசுப் பணத்தில் சில்லறையாகப் போய்விடும். விளையாட்டில் கார்தான் சம்பாதிக்கிறது; வாழ்க்கையில் கார் சம்பாதிப்பதில்லை, டாக்ஸியாக ஓடினாலொழிய. மற்ற எல்லாப் பொய்களும் இந்த ஒரு பொய்யிலிருந்து கிளைத்தவை.

2022-இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ 7' வேறொரு திருகு திருகியது. அதில் மெக்லாரன் எஃப்1 காரின் விலை 1.85 கோடி கிரெடிட். ஆடிச் சேர்க்கப் பொறுமை இல்லாதவர் மெய்ப்பணம் கொடுத்து வாங்கலாம்: 20 லட்சம் கிரெடிட் 20 டாலர். அந்த மார்ச்சில் பந்தயப் பரிசுகளையும் வெட்டினார்கள். ஆடுகிறவர்கள் கொதித்துப்போனார்கள்; தயாரிப்பாளர் கசுனோரி யமவுச்சி வருத்தம் தெரிவித்து, ஆளுக்குப் பத்து லட்சம் கிரெடிட் கொடுத்துச் சமாதானம் செய்தார். அந்தத் திரைக் காரை முழுக்கப் பணத்தாலேயே வாங்கினால் ஏறத்தாழ 200 டாலர், அன்றைய மதிப்பில் 15,000 ரூபாய். பின்னால் ஒரு கணக்குக்கு உதவும், இந்தத் தொகையை நினைவில் வையுங்கள்.

விளையாட்டு செய்கிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மெய்யான பெயரும் சின்னமும் வேண்டுமானால் கார் கம்பெனியிடம் உரிமம் வாங்க வேண்டும். தன் கார் துருப்பிடித்து நடுரோட்டில் நின்றுபோவதைத் திரையில் காட்ட எந்தக் கம்பெனி பிரியப்படும்? சட்சுமா என்ற கற்பனைப் பெயருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் அது அவ்வளவு தாராளமாகப் பழுதாகிறது.

இனி நம் மாவட்டம். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிய பகுதி 1990-களின் பின்பாதியிலிருந்தே கார் பிறக்கும் இடம். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட்டு 1998 செப்டம்பரில் சான்ட்ரோவை அறிமுகம் செய்தது. அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடமும் இருக்கிறது. ஒரே ஊரில் ஒரு பக்கம் புதுக் கார்கள் வரிசையாக வெளியே வருகின்றன, இன்னொரு பக்கம் ஒரு வார இறுதியில் டயர்கள் தேய்ந்து தீர்கின்றன. பந்தயம் ஓட்டியே கார்களை வாங்கிக் குவித்தவர் யாரும் அங்கே இல்லை. ஸ்பான்சரைத் தேடித் திரிபவர்களும், வீட்டுப் பணத்தைப் போட்டு ஓட்டுபவர்களும்தான். விளையாட்டின் பொய் எது என்று பார்க்க அந்தத் தடத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும்.

ரெனோவும் நிஸ்ஸானும் சேர்ந்து கட்டிய ஒரகடம் ஆலை 2010 மார்ச்சில் திறந்தது. நிஸ்ஸான் 80-களில் மூட்டை கட்டி வைத்த டட்சன் பெயரை, அதன் அப்போதைய தலைவர் கார்லோஸ் கோன் 2012-இல் தூசி தட்டி எடுத்தார். முதல் முறை கார் வாங்குகிறவர்களுக்கான மலிவான பெயர் என்பது திட்டம். 2014 மார்ச்சில் 'டட்சன் கோ' 3.12 லட்சத்தில் தொடங்கியது. அதே ஆண்டு, கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்காப் அமைப்பு அதை மோதிப் பார்த்து பூஜ்யம் நட்சத்திரம் கொடுத்தது. காரை விற்பனையிலிருந்தே திரும்பப் பெறச் சொல்லி அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி கோனுக்குக் கடிதம் எழுதினார். 2016 ஜூனில் இன்னும் சின்னதாக 'ரெடி-கோ' வந்தது, 2.38 லட்சத்திலிருந்து. மூன்று சிலிண்டர், 799 சிசி, 54 குதிரைத்திறன், எடை 635 கிலோ. பின்னாளில் அதற்குக் கிடைத்தது ஒரே நட்சத்திரம். இதையும் செலவுக் கணக்கில்தான் நான் சேர்ப்பேன். விலையில் குறைத்தது எங்கோ ஓரிடத்தில் குறைந்துதானே ஆக வேண்டும்.

இப்போது ஒரு ரெடி-கோவை எடுத்துக்கொள்வோம். எந்த ஒருவருடைய வண்டியும் அல்ல. எல்லோருடைய கணக்கும் பொருந்தக்கூடிய ஒரு மாதிரி வண்டி. 2016-இன் பிற்பகுதி. ஒரகடத்தில் பிறந்து, வாலாஜாபாத் வழியாக முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காஞ்சிபுரத்துக்கு வந்து, டிஎன் 21 எண் வாங்கிக்கொண்டது. வாங்கியவர் பிள்ளையார்பாளையத்தில் நாலைந்து தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்கும் சின்ன வியாபாரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஷோரூம் விலை 3 லட்சம். அப்போது தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்குள்ளான காருக்கு ஆயுள் வரி நூற்றுக்குப் பத்து, ஆக 30,000. (2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சத்துக்குள் இருந்தாலே நூற்றுக்குப் பன்னிரண்டு.) பதிவுக் கட்டணம், முதல் ஆண்டு இன்சூரன்ஸ், மிதியடி, சீட் கவர், அப்புறம் ரசீதில் வேறு வேறு பெயரில் வரும் சில ஆயிரங்கள். எல்லாம் சேர்ந்து மூன்றரை லட்சத்தை எட்டிப் பிடிக்கும். இதில் இரண்டரை லட்சம் கடன் என்றால், பத்து சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு மாதத் தவணை 5,312 ரூபாய். வட்டி மட்டும் 68,000-க்கு மேல். சொன்னேனே, அந்த 15,000 ரூபாய்த் திரைக் கார்: அது இந்த மெய்க் காரின் மூன்று மாதத் தவணைகூட இல்லை. ஆனாலும் அதற்குக் கொடுக்க மனம் வராமல் உலகம் முழுக்கச் சண்டை நடந்தது. அதில் தப்பில்லை, திரைக் கார் முகூர்த்தப் புடவைகளை ஏற்றிக்கொண்டு தி.நகருக்குப் போகாது.

கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுங்கி, கற்பூரம் காட்டி, வண்டி வீட்டுக்கு வருகிறது. விளையாட்டு இந்த இடத்தில்தான் கைதட்டிவிட்டு அடுத்த காரைக் காட்டும். நம் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளையார்பாளையம் பக்கத் தெருக்களில் விடியற்காலையில் நடந்தால் பாவு நீட்டியிருப்பதைப் பார்க்கலாம். தெரு நீளத்துக்கு இழைகளை இழுத்துக் கட்டி, ஒட்டிய நூலைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் தெரு தறிக்காரருடையது, காருடையதல்ல. வண்டியை முந்தின இரவே முனையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முனையில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியைப் போகிற மினி லாரி தட்டிவிட்டுப் போகும். பக்கக் கண்ணாடி ஒன்றுக்கு இன்சூரன்ஸில் கைவைத்தால், சேர்ந்துவரும் நோ கிளெய்ம் போனஸ் மொத்தமும் போய்விடும்; முதல் ஆண்டுக்கு நூற்றுக்கு இருபது, ஐந்து ஆண்டு தொடர்ந்தால் ஐம்பது என்று ஏறிக்கொண்டு போவது அது. அதனால் கையிலிருந்தே போடுவார். இன்சூரன்ஸ் வைத்துக்கொண்டே அதைத் தொடாமல் இருப்பதுதான் லாபம் என்ற இந்தப் புதிரை எந்த விளையாட்டும் இன்னும் திரையில் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் நல்ல ஆட்டமாக இருக்கும்.

சென்னைக்குப் போய்வர ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கம்பெனி லிட்டருக்கு 25 என்று சொன்னது. பூந்தமல்லிக்குப் பிறகு ஊர்ந்து போகும் வண்டி 18 கொடுத்தால் அதிர்ஷ்டம். பெட்ரோல் நூறைத் தாண்டிய பிறகு ஒரு நடைக்கு எண்ணூறு சொச்சம். நெமிலியில் சுங்கம். அகலப்படுத்துகிறோம் என்று பல ஆண்டுகளாகத் தோண்டிப் போட்ட பெங்களூரு நெடுஞ்சாலையில் புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் வாங்கும் அடி தனி. 'மை சம்மர் கார்' மண்சாலை இந்த விஷயத்தில் நமக்கு அந்நியமே இல்லை.

எல்லாவற்றையும்விட விளையாட்டுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: ஆடி மாதம். பட்டு வியாபாரம் முகூர்த்தத்தை நம்பி நடப்பது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. தை பிறந்தால் ஆர்டர் குவியும், வைகாசியில் மூச்சுவிட நேரம் இருக்காது, ஆடியில் கடைக்காரர் பழைய பாக்கியைத் தரவே போனை எடுக்க மாட்டார். தவணைக்கு இதெல்லாம் கிடையாது. எந்த மாதமானாலும் ஐந்தாம் தேதி வந்துவிடும். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிப் போனால் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம். பந்தய விளையாட்டில் வருமானம் எப்போது வேண்டுமானாலும் வரும். தோற்ற பந்தயத்தைத் திரும்ப ஓட்டினால் போயிற்று. பின்லாந்து விளையாட்டில்கூடக் கழிவுநீர்த் தொட்டிகள் நிரம்பிக்கொண்டேதான் இருக்கும். நான்கு மாதம் வரவு, இரண்டு மாதம் வறட்சி, பன்னிரண்டு மாதமும் தவணை என்ற கணக்கு எதிலும் இல்லை. ஆடி மாதத்தில் தெரிந்தவர்களைத் திருப்பதிக்கோ திருவண்ணாமலைக்கோ 'ஓன் போர்டு' வண்டியிலேயே கூலிக்குக் கூட்டிப்போகும் பழக்கம் இதனால்தான் பல ஊர்களில் இருக்கிறது. வெள்ளைப் பலகை வண்டியைக் கூலிக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. பிடிபட்டால் அபராதம், விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

மதிப்பு இறங்குவதற்கு ஒரு அட்டவணை உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிகள் காரின் வயதைப் பார்த்து விலையைக் கழிக்கும்: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, பிறகு 20, 30, 40, ஐந்தாம் ஆண்டில் 50. மூன்று லட்சத்து வண்டி ஐந்து ஆண்டில் காகிதத்தில் ஒன்றரை லட்சம். கடைசித் தவணையைக் கட்டி முடிக்கும் அதே மாதம் அது. காஞ்சிபுரத்துக்காரருக்கு இது கூடுதலாக வலிக்கும், ஏனென்றால் அவர் விற்கும் பொருள் இப்படி இறங்குவதில்லை. அசல் ஜரிகை போட்ட புடவை கிழிந்து நைந்தாலும் 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' என்று பலகை மாட்டியவர் வந்து எடை போட்டு எடுத்துக்கொள்வார். நூலை எரித்தால் வெள்ளி மிஞ்சும். காரை எடை போட்டால் இரும்பு விலை.

அப்புறம் அட்டவணையில் இல்லாத அடி விழுந்தது. 2022 ஏப்ரலில் ஒரகடத்தில் ரெடி-கோ உற்பத்தி முடிந்தது என்று நிஸ்ஸான் அறிவித்தது. ரஷ்யாவிலும் இந்தோனேசியாவிலும் டட்சன் அதற்கு முன்பே 2020-இல் நின்றிருந்தது. 1930-களில் பிறந்து, ஒரு முறை செத்துப் பிழைத்த அந்தப் பெயரின் கடைசிக் கார்கள் நம் மாவட்டத்தில் செய்யப்பட்டவை. இதே போலத்தான் ஃபோர்டும் 2021 செப்டம்பரில் விலகுவதாகச் சொல்லி, மறுவருடம் மறைமலைநகரில் கதவைச் சாத்தியது.

சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும், வாரன்டி செல்லும் என்று கம்பெனி சொன்னது. சொன்னாலும், பழைய கார் சந்தையில் இது ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம். விலை கேட்டு வருபவர் டயரைப் பார்ப்பதற்கு முன்னால், "கம்பெனியே இல்லையே சார்" என்பார். அந்த வாக்கியம் எவ்வளவு ஆயிரம் என்பது பேரம் பேசும் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. திரையில் இருக்கும் எந்தக் காரும் அதைச் செய்த கம்பெனி சந்தையை விட்டுப் போனதால் விலை குறைவதில்லை. நேர்மாறாக, அங்கே செத்துப்போன பெயர்கள் புராதனச் சின்னமாகி விலை ஏறுகின்றன. நிஜத்தில் அந்த ஏற்றம் சில நூறு கார்களுக்கு மட்டும் வாய்க்கிறது. மற்றவையெல்லாம் வெறுமனே அநாதைகள்.

ஆனால் ரெடி-கோ முழு அநாதை அல்ல, அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. அதன் எலும்புக்கூடும் 0.8 லிட்டர் எஞ்சினும் ரெனோ க்விட்டுடையவை. இரண்டும் ஒரே ஆலையில், பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தவை. டட்சன் போன பிறகும் க்விட் அங்கேயே தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆகவே எஞ்சின் மவுன்ட், கிளட்ச், ஃபில்டர் போன்ற உள்சாமான் கேட்டு வருகிறவருக்கு நம் மெக்கானிக்குகள் டட்சன் பெயரைச் சொல்லி மெனக்கெடுவதில்லை, க்விட்டுக்குக் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். வெளிச்சாமான்தான் வம்பு. ஹெட்லைட், பம்பர், கதவுத் தகடு இவையெல்லாம் ரெடி-கோவுக்கே உரியவை, க்விட் கொடுக்காது. அதனால் இந்த வண்டி வைத்திருப்பவர் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படாமல் முன்மூக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். மூக்கு உடைந்தால் சென்னை புதுப்பேட்டைதான் வழி. அடிபட்ட இன்னொரு ரெடி-கோ பிரிக்கப்பட்டிருக்க வேண்டும், அதன் மூக்கு நல்லபடியாக இருக்க வேண்டும், நிறமும் ஒத்துப்போனால் பெயின்ட் கூலி மிச்சம். ஒரு கார் உயிர்வாழ இன்னொரு கார் பின்பக்கமாக அடிபட்டிருக்க வேண்டும். சட்சுமாவுக்கான சாமான் தபாலில் வந்துவிடும். ரொயோலாகூட இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் முதல் சொந்தக்காரர் வண்டியைக் கைமாற்றுகிறார். கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி. வாங்கி, படிவம் 35 கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்க வேண்டும். பிறகு பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இதைச் செய்யாமல் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டியைக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. நாளைக்கு வாங்கியவர் சிக்னலைத் தாண்டினாலும் அபராதச் செய்தி பழைய சொந்தக்காரர் போனுக்குத்தான் வரும். விற்ற பிறகும் தொடரும் செலவு என்று ஒன்று உண்டு என்பதை நம்ப மறுப்பவர்கள் அதை ஒரு முறை அனுபவித்தால் போதும்.

இரண்டாவது கை, பெரும்பாலும், முதல் கார் வாங்குகிற இன்னொரு குடும்பம். அவர்களுக்கு விலை கம்மி, தவணை இல்லை, ஆனால் மற்ற எல்லாச் செலவும் புதுக் காருக்கு உள்ள அதே அளவு. 1000 சிசிக்குள் உள்ள காரின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 2022-இலிருந்து 2,094 ரூபாய். வண்டியின் விலை மூன்று லட்சமானாலும் ஒரு லட்சமானாலும் அதேதான். டயர் விலை அதே. பெட்ரோல் அதே. கார் மலிவாக மலிவாக, அதை வைத்திருக்கும் செலவு அதன் விலையில் பெரிய பங்காகிக்கொண்டே போகும். பழைய கார் வாங்க வருகிறவர்கள் விலையை மட்டும் பேரம் பேசிவிட்டுச் சந்தோஷமாகப் போவதைப் பார்க்கும்போது யாராவது இந்த ஒரு கணக்கைச் சொல்லக் கூடாதா என்று தோன்றும். 2025 செப்டம்பர் 22-இல் சின்னக் கார்களின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனபோது புதுக் காரின் விலை இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் புதியது மலிவானால் பழையதற்கு யார் முன்பிருந்த விலை கொடுப்பார்? டெல்லியில் எடுத்த ஒரு முடிவு பிள்ளையார்பாளையத்து முனையில் நிற்கும் காரின் விலையையும் சேர்த்துக் கீழே இழுத்தது.

முதல் ரெடி-கோக்களுக்கு 2031 ஜூனில் பதினைந்து வயதாகும். தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குத்தான். பிறகு வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி, தகுதி பார்த்து, ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும். 2022 ஏப்ரல் வரை இதற்குக் கட்டணம் 600 ரூபாய், அதிலிருந்து 5,000. இருபது வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. காட்டுவதற்கு முன்னால் டிங்கரிங், பெயின்ட், விளக்கு, சைலன்சர் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அடியில் துரு இருந்தால் வெல்டிங். ஆக மொத்தச் செலவு வண்டியின் விலையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, காயலாங்கடைக்காரர் ஒரு தொகை சொல்வார், அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு மையம் இன்னொரு தொகை சொல்லிக் கூடவே ஒரு சான்றிதழும் தரும். அந்தச் சான்றிதழைக் காட்டினால் அடுத்த புதுக் காரின் வரியில் சலுகை.

க்விட் அதுவரை ஒரகடத்தில் தயாராகிக்கொண்டிருந்தால் எஞ்சின் சாமான் கிடைக்கும். அந்த ஆலையில் நிஸ்ஸானின் பங்கையும் ரெனோவே வாங்கிக்கொள்வதாக 2025 மார்ச் கடைசியில் அறிவிப்பு வந்தது. எனவே டிஎன் 21 ரெடி-கோ வைத்திருப்பவர் இனி கவனிக்க வேண்டியது நிஸ்ஸான் செய்தியை அல்ல, ரெனோ செய்தியை. கூடவே புதுப்பேட்டையில் யாரிடமாவது ஒரு முழு ஹெட்லைட் இருந்தால் இப்போதே வாங்கி, துணியில் சுற்றி, பரணில் போட்டு வைக்கலாம்.